ஓட்டுப் போட்ட பிறகு அதிகாரம் யார் கையில்?

அதிகாரம் மக்களுடையது என்று எல்லோரும் சொல்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை 2017-ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் தமிழ்நாடு நேருக்கு நேர் பார்த்தது.

ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது. எந்தக் கட்சிக்கொடியையும் உள்ளே விடவில்லை. ஒரு வாரத்துக்குள் அரசு இறங்கி வந்தது. 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. கடைசி நாளில் போலீஸ் நடந்துகொண்ட விதம் தனிக் கதை. ஆனாலும் மக்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது.

பிப்ரவரியில் நிலைமை தலைகீழாக மாறியது. ஆளுங்கட்சியான அதிமுக இரண்டாகப் பிளந்திருந்தது. பன்னீர்செல்வம் முதல்வர் பதவியிலிருந்து விலகியிருந்தார். எம்எல்ஏக்களில் பெரும்பாலானோர் கூவத்தூரில் ஒரு கடற்கரை விடுதியில் இருந்தார்கள். அவர்களுடைய செல்போன் எண்கள் வாட்ஸ்அப்பில் பரவின. தொகுதி மக்கள் அழைத்து, "யாருக்கு ஆதரவு தரப்போறீங்க?" என்று கேட்டுப் பார்த்தார்கள். 18-ஆம் தேதி பேரவை கூடியது. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றது எதிர்க்கட்சி. பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். அமளி நடந்தது, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122 பேர், எதிராக 11 பேர்.

முந்தைய மாதம் அரசையே பணியவைத்த மக்களுக்கு, தங்கள் முதல்வர் யார் என்ற கேள்வியில் ஒரு வார்த்தை சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் அரசியலமைப்பைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கேள்வியை நேரடியாக மக்களிடம் கேட்க வேண்டும் என்று எந்த வரியும் கிடையாது. நாம் முதல்வரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தொகுதிக்கு ஒருவர் என 234 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். முதல்வரை ஆளுநர் நியமிக்கிறார், மற்ற அமைச்சர்களை முதல்வரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார் என்கிறது பிரிவு 164. அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிறது அதே பிரிவு. அமைச்சரவை பதில் சொல்ல வேண்டிய இடம் பேரவை என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. 234 பேரும் வந்து வாக்களித்தால் 118 பேர் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் ஓர் அரசின் உயிர்.

இதைச் சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. பேரவை ஒப்புதல் இல்லாமல் அரசு கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. சட்டத்தின் துணை இல்லாமல் ஒரு காசு வரி விதிக்க முடியாது. வருடா வருடம் துறைவாரியாக மானியக் கோரிக்கை என்று நடக்கிறதே, அது இதற்காகத்தான். கலெக்டரின் கையெழுத்து, போலீஸின் லத்தி, வாத்தியாரின் சம்பளம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது அந்த ஒப்புதல். அதைத் தருகிற உரிமை உறுப்பினருக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் ஓட்டிலிருந்து.

அந்த ஓட்டும் சும்மா வந்துவிடவில்லை. வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத் தேர்தல்களில்கூடச் சொத்து, வரி, படிப்பு என்று தகுதி பார்த்துத்தான் ஓட்டுரிமை கொடுத்தார்கள். பெரும்பான்மை மக்கள் வெளியேதான் நின்றார்கள். 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. வாக்காளர் பட்டியலில் சுமார் 17 கோடிப் பேர் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் எந்தக் குறியும் போடாமல் வேண்டிய பெட்டிக்குள் போட்டால் போதும். பட்டியல் தயாரித்தபோது வட இந்தியாவில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் அம்மா' என்றே பதிந்தார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று உறுதியாக நின்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் அதன் பின்னால் இருந்த கொள்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓட்டு குடும்பத்துக்குரியதும் இல்லை, சாதிக்குரியதும் இல்லை, பெயருள்ள ஒரு மனிதருக்குரியது என்று அன்றைக்கே நிலைநாட்டினார்கள்.

சரி, அந்த முதல் தேர்தலிலேயே சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் ஓர் அணியாகச் சேர்ந்து ஆட்சி கேட்டன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு, அதாவது அப்போது சட்டமன்றத்துக்கு இருந்த இரண்டாவது அவைக்கு, நியமன உறுப்பினராக்கி ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரலில் அவர் முதல்வரானார். வழக்குப் போட்டார் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி. நீதிமன்றம் தலையிடவில்லை. பிற கட்சியினரைச் சேர்த்துக்கொண்டு ராஜாஜி பேரவையில் பெரும்பான்மையைக் காட்டினார். ஆக, குடியரசின் முதல் தேர்தலிலேயே நம் மாகாணத்தில் மக்கள் தீர்ப்புக்கும் ஆட்சிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளில் காமராசர் முதல்வரானார். அவரும் அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அல்ல, மக்களவை உறுப்பினர். உறுப்பினராக இல்லாத ஒருவர் ஆறு மாதம்தான் பதவியில் இருக்கலாம். மேலவை வழி திறந்தே இருந்தது. ஆனால் அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார். பதவி கிடைத்த விதத்தில் இரண்டு பேர் மீதும் சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவர் மீது எழுந்த கேள்வி மற்றவர் மீது எழவில்லை. 1967-இல் முதல்வரான அண்ணாவும் மேலவை வழியாகத்தான் வந்தார். அதை யாரும் கொல்லைப்புற வழி என்று பெரிதுபடுத்தவில்லை, ஏனென்றால் அவரை முதல்வராக்கத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். சட்டம் தருவது பதவி. அதற்கு மேல் மக்களின் இசைவு என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாத ஆட்சி நடக்கும், ஆனால் தயங்கித் தயங்கித்தான் நடக்கும்.

பேரவையில் எழுகிற கைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1999 ஏப்ரல் 17-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் அரசு கவிழ்ந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் சைபுதீன் சோஸ். அவருடைய தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. இன்னொருவர் கிரிதர் கமாங். அவர் அப்போது ஒடிசாவின் முதல்வராகவே ஆகிவிட்டிருந்தார், ஆனால் மக்களவை உறுப்பினர் பதவியை விட்டிருக்கவில்லை. நாட்டு மக்கள் மொத்தம் சேர்ந்து கொடுத்த அதிகாரம் அன்றைக்கு அப்படிப்பட்ட ஒவ்வொரு தனி மனிதரின் விரலிலும் இருந்தது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். வாக்காளரிடமிருந்து உறுப்பினருக்கு, உறுப்பினர்களிடமிருந்து அமைச்சரவைக்கு. ஆனால் நடைமுறையில் நடுவில் இன்னொரு கை இருக்கிறது: கட்சித் தலைமை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அரசியல் கட்சிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. 1985-இல் 52-ஆவது திருத்தம் மூலம் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டபோதுதான் கட்சி அதற்குள் நுழைந்தது. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது அதைத்தான்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1967-க்குப் பிறகு வட மாநிலங்களில் ஆட்சிகள் மாதக்கணக்கில் கவிழ்ந்தன. ஹரியானாவில் கயா லால் என்ற எம்எல்ஏ குறுகிய நேரத்துக்குள் கட்சி விட்டுக் கட்சி மாறியதில் 'ஆயா ராம், கயா ராம்' என்ற வழக்கே பிறந்தது. பணத்துக்கும் பதவிக்கும் உறுப்பினர்கள் விலைபோனார்கள். அது ஓட்டுப் போட்டவனுக்குச் செய்த துரோகம்தான், அதைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் தடுத்த விதம் வேறு ஒன்றைச் செய்துவிட்டது. கட்சியை விட்டு விலகினால் பதவி போகும் என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோகூடப் பதவி போகும். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இல்லை, எந்த மசோதாவாக இருந்தாலும், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் சொல்லும் கொறடா உத்தரவு பிறப்பித்தால் அதே கதிதான். உங்கள் ஊர்க் குளத்தைப் பாதிக்கும் ஒரு மசோதா வருகிறது, உங்கள் உறுப்பினர் உங்கள் பக்கம் நிற்க நினைக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொறடாவின் உத்தரவுத் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகு அவருக்குப் பேச வாய் இருக்கும், கை இருக்காது.

பிரிட்டனில் இருந்துதான் இந்த முறையை எடுத்தோம். அங்கேயும் கொறடா உண்டு. ஆனால் மீறினால் கட்சிதான் கோபித்துக்கொள்ளும், நாடாளுமன்றப் பதவி போகாது. 2003-இல் இராக் போர் பற்றிய வாக்கெடுப்பில் பிரதமர் பிளேரின் சொந்தக் கட்சியிலேயே 139 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். 2013-இல் சிரியா மீது ராணுவ நடவடிக்கை எடுக்கப் பிரதமர் கேமரூன் ஒப்புதல் கேட்டபோது சபை 272-க்கு 285 என்று மறுத்துவிட்டது. அவருடைய கட்சிக்காரர்களே சுமார் 30 பேர் எதிர்த்தார்கள். போர் வேண்டாம் என்ற மக்களின் குரல் அன்று சபைக்குள் கேட்டது. நம் சபைகளில் அப்படி ஒரு நாளைக் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

இந்தப் பிடி தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளில் எந்தத் தேர்தல் அலுவலகத்துக்கு வெளியிலும் ஒரு பதற்றத்தைப் பார்க்கலாம். ஏ படிவம், பி படிவம் என்று இரண்டு தாள்கள். முதலாவது, கட்சியின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று சொல்வது. இரண்டாவது, இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று சொல்வது. மையில் போட்ட அசல் கையெழுத்தோடு, மாலை 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அது வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் 30 வருடம் கட்சிக்கு உழைத்தவருக்கும் சின்னம் கிடையாது, சுயேச்சைதான். ஒரு தொகுதியின் லட்சக்கணக்கான வாக்காளர்கள் யாரிலிருந்து யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அந்தத் தாள் முடிவு செய்துவிடுகிறது. அதில் யார் பெயரை எழுதுவது என்று கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானதுதான். மக்கள் ஓட்டுப் போடுவதே சின்னத்தையும் தலைவரையும் பார்த்துத்தானே? வேட்பாளரின் பெயர் தெரியாமலே வாக்களித்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! அப்படியிருக்க உறுப்பினர் தன் இஷ்டத்துக்கு வாக்களித்தால் அதுதானே மோசடி? ஒத்துக்கொள்கிறேன். தேர்தலில் முன்வைத்த அறிக்கைக்கும் அணிக்கும் உறுப்பினர் கட்டுப்பட வேண்டும். ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்பில் கட்சி மாறக் கூடாது. 1990-இல் தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: கட்சியை விட்டு விலகுவது, நம்பிக்கை வாக்கெடுப்பில் மீறுவது, இவற்றுக்கு மட்டும் பதவி நீக்கம் போதும். மற்றபடி உறுப்பினரை அவருடைய மனசாட்சிக்கும் தொகுதிக்கும் விட்டுவிடலாம். அந்தப் பரிந்துரை இன்றுவரை சட்டமாகவில்லை. கட்சித் தலைமைகள் தங்கள் பிடியைத் தாங்களே தளர்த்திக்கொள்ள எந்தப் பக்கத்திலும் முன்வரவில்லை.

யார் பதவியைப் பறிப்பது என்பதும் சிக்கல்தான். அந்த அதிகாரம் பேரவைத் தலைவருடையது. அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். மறுபடி 2017-க்கு வருவோம். பிப்ரவரி வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக எழுந்து நின்ற 11 பேரும் தங்கள் பதவியில் தொடர்ந்தார்கள். இரண்டு அணிகளும் ஆகஸ்டில் சேர்ந்தன, 11 பேரில் ஒருவரான பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அதே ஆகஸ்டில் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த வேறு 18 பேர் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். சபையில் எதிர்த்து வாக்களித்தவர்களுக்குப் பதவி இருந்தது, கடிதம் கொடுத்தவர்களுக்கு இல்லை. உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் முடிந்து அந்த 18 தொகுதிகளுக்கும் புது உறுப்பினர்கள் கிடைத்தபோது 2019 மே மாதம் ஆகிவிட்டது. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக 18 தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. அவர்கள் செய்த குற்றம் என்ன? இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வழக்கில் அவர்கள் ஒரு தரப்பே இல்லை.

ஓட்டு எண்ணிக்கை இடங்களாக மாறும் கணக்கும் அதிகாரத்தின் ஊற்றுகளில் ஒன்று. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 மக்களவைத் தேர்தலில் 31 சதவீத ஓட்டு வாங்கிய பாஜகவுக்கு 543-இல் 282 இடங்கள். சுமார் 4 சதவீதம் வாங்கிய பகுஜன் சமாஜுக்கு ஓர் இடம்கூட இல்லை. அதிக ஓட்டு வாங்கியவர் வென்றார் என்ற முறையில் இது தவறில்லை. ஆனால் வென்றவர்கள் 'மக்கள் எங்கள் பக்கம்' என்று சொல்லும்போது, மக்களில் எத்தனை பேர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கீழே வருவோம். சென்னையிலும் டெல்லியிலும் கட்சியின் கை இருக்கிறது என்றால், ஊராட்சியில் அது சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. பி படிவம் தேவையில்லை, கொறடா இல்லை. கிராம சபை இன்னும் ஒரு படி மேல். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். தன் சார்பில் பேச ஆள் அனுப்பாமல் தானே கையைத் தூக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் கிராமத்தில் ஓட்டு உள்ளவர்கள் எத்தனை கிராம சபைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது.

ஆனால் அந்த இடத்தை நாம் வைத்திருக்கும் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகப் பகுதிகளில் பல மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை ஆனது. நடுவில் தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சென்னை மாதிரி ஒரு மாநகரம் ஐந்து ஆண்டுக்கு மேல் மேயரும் கவுன்சிலரும் இல்லாமல் ஓடியது. 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில், மழைநீர் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லக்கூட வார்டுக்கு ஒரு ஆள் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தாலும், ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டருக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கென்று நடைமுறை உண்டு, விளக்கம் கேட்க வேண்டும், ஊராட்சியின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனாலும் மக்கள் கொடுத்த பதவியை அரசு அலுவலர் ஒருவர் முடித்துவைக்கலாம் என்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

அப்படியும் கிராம சபைக்குப் பலம் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 2023-இல் நாடாளுமன்றம் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது மேலூர்ப் பக்கம் யாரும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. சமணப் படுகைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள மலை அது, பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்த மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு மத்திய அரசைக் கட்டுப்படுத்தும் சட்டபலம் இல்லை. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதுவும் மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது. ஜனவரி 7 அன்று ஊர் மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பெருந்திரளாகப் பேரணி போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழ் ஏலம் விடும் அதிகாரமும் டெல்லியில்தான் இருக்கிறது.